சிறைக்குள் பளிங்குத் தட்டுகள்

1792 ஓகஸ்டில் பாரிஸில் ஒரு பாதிரியாரைக் கைது செய்தார்கள். பெயர் ரெனே ஜூஸ்த் அயூயி. புரட்சி அரசு கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்ததுதான் குற்றம். சென் ஃபிர்மன் குருமடத்தில் மற்றக் குருமாரோடு அடைக்கப்பட்டவர், தன் பளிங்குத் தட்டுகளைக் கொண்டுவந்து தரும்படி கேட்டார். வந்தன. அங்கேயே இருந்து கற்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார்.

அவருடைய மாணவர் ஜோஃப்ருவா சென் இலேர், 20 வயது இளைஞர், ஓடித்திரிந்து விடுதலைக் கடிதம் பெற்றுவந்தார். இவரோ நேரமாகிவிட்டது, நாளைக்குப் போகலாம் என்று படுத்துவிட்டார். மறுநாளும் இழுக்காத குறையாகத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் அந்த மடத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து, இருந்த குருமாரில் பெரும்பாலோரைக் கொன்றது.

அயூயி 1743இல் வட பிரான்சின் சிற்றூர் ஒன்றில் ஏழை நெசவாளர் வீட்டில் பிறந்தவர். பார்வையற்றோருக்குப் பாரிஸில் பள்ளி தொடங்கிய வலன்தென் அவருடைய தம்பி. லூயி பிரெய்ல் படித்தது அங்கேதான். பாடசாலை ஆசிரியராக இருந்த அயூயி, ஒருநாள் நண்பர் வீட்டில் கல்சைற்றுக் கட்டி ஒன்றைக் கைதவறிப் போட்டார். உடைந்த முகம் அவரைப் பிடித்துக்கொண்டது. வீடு திரும்பித் தன் சேகரிப்பையே உடைத்துப் பார்த்தார். சேகரிப்பவர்களுக்கு இதைக் கேட்கவே நெஞ்சு பதறும். வெளியுருவம் எதுவானாலும் கல்சைற்று உடைந்தால் ஒரே சாய்சதுர வடிவத்தில்தான் உடைந்தது. பளிங்கியல் அதிலிருந்து வளர்ந்தது.

அந்த அளவுகோலோடு அவர் சியோலைட்டுகளிடம் போனார். எரிமலைக் குழம்பு ஆறிய பாறையின் பொந்துகளில் விளையும் கனியங்கள் அவை. உள்ளே நீர் இருப்பதால் சூடாக்கினால் நுரைத்துப் பொங்கும். 1756இல் அதைக் கண்ட சுவீடன்காரர் குரோன்ஸ்டெட், கிரேக்கத்தில் கொதிக்கும் கல் என்று பொருள்பட அந்தப் பெயரை வைத்தார். பிறகு பொங்கிய பல கற்களும் ஒரே பெயருக்குள் போய்விட்டன. அயூயி அவற்றின் கோணங்களை அளந்தார், தேய்த்து மின்னேற்றம் பார்த்தார், இனம் இனமாகப் பிரித்தார். தேய்த்தால் மிகக் குறைந்த மின்னேற்றமே காட்டியதற்கு, பலமற்றது என்ற பொருளில் அனல்சைம் என்று பெயரிட்டார்.

எங்களைப் போன்ற கணக்குக்காரருக்கு இன்னொரு உறவும் உண்டு. கிராம் எவ்வளவு என்று தீர்மானிக்க லவோய்சியேயோடு சேர்ந்து நீரை நிறுத்தவர் இவர். அந்த லவோய்சியே கைதானபோது, தானே ஒருமுறை சிறைப்பட்ட குருவானவர், துணிந்து அவருக்காக மனு எழுதினார். பலனில்லை, 1794இல் தலை போனது.

நெப்போலியன் கொடுத்த ஓய்வூதியம் பின்னாளில் நின்றுபோயிற்று. ரஷ்யாவிலிருந்து நலிந்து திரும்பிய தம்பியையும் வீட்டில் வைத்துப் பார்த்தார். 1822இல், தம்பி போன சில மாதங்களில், அறையில் விழுந்து தொடையெலும்பு முறிந்து அவரும் இறந்தார். கற்களை இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபு வாங்கினார். அந்தக் குடும்பம் கடனில் மூழ்கி எல்லாம் ஏலத்துக்கு வந்தபோது, 1848இல், பாரிஸ் அருங்காட்சியகம் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது.