ஹோமி பாபா: அணுக்கழிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எங்கே தொடங்கியது?

2017 பிப்ரவரி 15. ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மறுநாளே புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஜனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் சிக்கல் ஒன்றும் இல்லை. எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறார்கள், நிலத்தடி நீர் என்ன ஆகும், கழிவை எங்கே கொட்டுவார்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு. அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளைக் கேட்க அவர்களுக்கு நிறைய கதவுகள் இருந்தன. சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நிலத்தின் மீது அதிகாரம் உள்ள மாநில அரசு, தகவல் உரிமைச் சட்டம், கிராம சபை. ஒன்று மூடினால் இன்னொன்றைத் தட்டலாம். கடைசியில் நெடுவாசலில் வேலை தொடங்கவே இல்லை. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் புதுக்கோட்டையின் சில பகுதிகளும் சேர்ந்தன.

இதே நாலு கேள்வியை ஒரு அணு உலையின் கழிவைப் பற்றிக் கேட்டால் என்ன நடக்கும்? கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் கேட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். மாநில அரசின் கை அங்கே நீளாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கதிரியக்கம் அதன் எல்லைக்கு வெளியே. எல்லாச் சாலையும் ஒரே துறைக்குப் போகும். இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. ஒரு மனிதர் யோசித்து, கடிதம் எழுதி, பிரதமரைச் சம்மதிக்க வைத்துக் கட்டியது. அவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

விடுமுறைக்கு வந்தவர்

பாபா பிறந்தது 1909 அக்டோபர் 30, பம்பாயில், வசதியான பார்சி குடும்பத்தில். அப்பா வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், டாடா குழுமத்தின் தோராப்ஜி டாடாவை மணந்தவர். வீட்டில் புத்தகங்கள், மேற்கத்திய இசைத் தட்டுகள், ஓவியங்கள். பையன் பொறியாளராகி ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலைக்கு வர வேண்டும் என்பது பெரியவர்கள் கணக்கு. கேம்பிரிட்ஜ் போன பையனுக்கு இயற்பியல் பிடித்துப்போனது. பொறியியலில் முதல் வகுப்பு வாங்கிக் காட்டிவிட்டு, அப்பாவிடம் அனுமதி வாங்கி, இயற்பியலுக்கு மாறினார்.

எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதைப் பற்றி 1935-ல் அவர் போட்ட கணக்கு இன்றும் பாபா சிதறல் என்ற பெயரில் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1937-ல் ஹைட்லருடன் சேர்ந்து காஸ்மிக் கதிர்களைப் பற்றிச் செய்த வேலை அவருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது.

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தார். ஐரோப்பாவில் போர் வெடித்தது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சி.வி. ராமன் தலைமையில் இருந்த இயற்பியல் துறையில் சேர்ந்தார். 1944 மார்ச்சில் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கு ஒரு நிறுவனம் வேண்டும், அது இருந்தால் பிற்பாடு அணுமின்சாரம் வரும்போது வல்லுநர்களைத் தேடி வெளிநாட்டுக்கு ஓட வேண்டியிருக்காது என்பது சாரம். ஹிரோஷிமாவுக்கு ஒன்றரை வருடம் முன்னால் எழுதிய கடிதம் அது. அதிலிருந்து பிறந்ததுதான் 1945-ல் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்.

பாபா பிறந்த அதே 1909-ல் இன்னொன்றும் நடந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அந்த மணல் கிடந்த இடங்களில் ஒன்று, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சி. மோனசைட்டுக்குள் இருப்பது தோரியம். பாபாவின் திட்டம் முழுவதும் பின்னாளில் இந்தக் கடற்கரை மணலை நம்பித்தான் நின்றது.

மூன்று பேர், ஒரு பிரதமர்

சுதந்திரம் வந்ததும் காரியங்கள் வேகமாக நகர்ந்தன. 1948 ஏப்ரலில் அணுசக்தி மசோதா அவைக்கு வந்தது. உறுப்பினர் எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் ஒரு சங்கடமான விஷயத்தைக் கிளப்பினார். பிரிட்டனில் ரகசியம் பாதுகாப்பு தொடர்பான வேலைக்கு மட்டும்தானே, இங்கே அமைதிப் பணிக்கான ஆராய்ச்சிக்கும் சேர்த்து ஏன் பூட்டு போடுகிறீர்கள் என்பது அவர் வாதம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என நேரு ஒப்புக்கொண்டார். மசோதா நிறைவேறியது. இந்திய அணுசக்தி வரலாற்றில் ரகசியம் பற்றிய முதல் கேள்வியும் முதல் மழுப்பலும் அன்றே பதிவாகிவிட்டன.

அதே மாதம் பாபா நேருவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அணுசக்தியை வழக்கமான அரசு இயந்திரத்திடம் விடக் கூடாது. மூன்று பேர் கொண்ட சின்னக் குழு போதும், அது பிரதமருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 10-ல் அணுசக்தி ஆணையம் அப்படியே அமைந்தது. பாபா தலைவர், வயது 38. மற்ற இருவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் நம்ம வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனும்.

ஏன் இப்படிக் கேட்டார்? காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஒரு கருவி வாங்க பத்து மேசைக்குக் கோப்பு போகும் நாட்டில், டெல்லி செயலக நடைமுறைக்குள் மாட்டினால் ஒரு உலைகூட எழும்பாது என்று அவர் பயந்தார். பயம் நியாயம். ஆனால் அந்தத் தாமதம் பிடித்த கோப்புகளுக்குள்தான் இன்னொரு துறை கேள்வி கேட்பதும், நிதித்துறை குறுக்கிடுவதும், தணிக்கை நடப்பதும் இருந்தன. தாமதத்தை வெட்டியபோது அவையும் சேர்ந்து வெட்டுப்பட்டன.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கல்கத்தாவின் மேக்நாத் சாஹா, பாபாவுக்குச் சற்றும் குறையாத விஞ்ஞானி, அப்போது மக்களவை உறுப்பினர். 1954 மே மாதம் அவையில் விவாதம் கிளப்பி, ரகசியத்தை விலக்குங்கள் என்று கேட்டார். மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 3-ல், அணுசக்திக்கென்று தனித் துறையே உருவானது. பிரதமரின் நேரடிப் பொறுப்பில், அதுவும் டெல்லியில் இல்லை, பம்பாயில். துறைச் செயலாளர் பாபா. ஆணையத் தலைவரும் பாபா. ட்ராம்பே ஆய்வு மையத்தின் தலைவரும் பாபா.

1958 தீர்மானம் இதற்கு முத்திரை வைத்தது. ஆணையத்தின் மற்ற உறுப்பினர்கள் சொல்வதைத் தலைவர் நிராகரிக்கலாம். நிதி உறுப்பினர் மட்டும், பண விஷயமென்றால், பிரதமரிடமும் நிதியமைச்சரிடமும் கொண்டுபோகச் சொல்லலாம். ஐடி வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: கோடு எழுதுபவரும், டெஸ்ட் பண்ணுபவரும், ரிலீசுக்கு ஓகே சொல்பவரும் ஒரே ஆள்.

ட்ராம்பேயின் தோட்டமும் குப்பையும்

பாபா சாதாரண நிர்வாகி இல்லை. 1956 ஆகஸ்ட் 4-ல் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் யூனியனை விட்டுவிட்டால் ஆசியாவில் முதல் உலை. கட்டடம் எழுப்ப மரத்தை வெட்ட விடமாட்டார், வேரோடு எடுத்து வேறு இடத்தில் நடச் சொல்வார். இளம் ஓவியர்களின் படங்களை வாங்கி ஆய்வக நடைகளில் மாட்டினார். திறமையான இளைஞரைக் கண்டால் வேலை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, ஆளைச் சேர்த்துக்கொண்டு அவரைச் சுற்றி வேலையை உருவாக்குவார். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு ட்ராம்பேயில் ஆரம்பத்திலேயே தனிப் பிரிவும் வந்தது. ஆக, ஆபத்து அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

இங்கேதான் கழிவு கதைக்குள் வருகிறது. பாபாவின் மூன்று கட்டத் திட்டத்தில், முதல் கட்ட உலையில் யுரேனியம் எரிந்தபின் மிஞ்சும் எரிபொருளைக் குப்பை என்று தூக்கிப் போடுவதில்லை. அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்து இரண்டாம் கட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதில் நம்ம கடற்கரைத் தோரியம். இந்தக் கணக்கில் எரிந்த எரிபொருள் ஒரு சொத்து. காகிதத்தில் அழகான யோசனை. ஆனால் பிரித்தெடுக்கும்போது கடும் கதிரியக்கம் கொண்ட திரவம் மிஞ்சும். அதிலுள்ள சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். புளூட்டோனியம்-239-க்கு ஏறக்குறைய 24,000 வருடம். அந்தத் திரவத்தைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கி, குளிரவைத்துப் பல பத்தாண்டுகள் காவல் காக்க வேண்டும். பிறகு பூமிக்கடியில் ஆழத்தில் புதைக்க வேண்டும். அந்தக் கடைசி இடம் இந்தியாவில் இன்றுவரை கிடையாது.

ட்ராம்பே புளூட்டோனிய ஆலை 1960-களின் நடுவில் ஓடத் தொடங்கியது. அதற்குள் 1962 அணுசக்திச் சட்டம் வந்துவிட்டது. அதன் 18-வது பிரிவு தகவல் வெளியிடுவதைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. பாதுகாப்பு விதிகள் போடும் அதிகாரமும் அதே அரசுக்கு, அதே சட்டத்தில்.

பாபா பெரிதாக வாக்குக் கொடுப்பவர். 1955 ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது, இருபது வருடத்தில் அணு இணைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் வழி கிடைத்துவிடும் என்று கணித்தார். 1980-க்குள் இந்தியாவில் 8,000 மெகாவாட் அணுமின்சாரம் என்றார். 1980-ல் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. யாரும் பெரிதாகக் கணக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் நேரு. பாபா அவரைக் கடிதங்களில் அண்ணன் முறை வைத்து அழைப்பவர்.

அவர் போன பிறகு

1966 ஜனவரி 24. வியன்னாவில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பாபாவின் ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸில் மோன்ட் பிளாங்க் மலையில் மோதியது. 117 பேர் இறந்தார்கள். (சதி என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு, ஆதாரம் கிடையாது.) லால் பகதூர் சாஸ்திரி இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றது அதே நாள். பிரதமருக்கு மட்டும் பதில் சொல்லும் துறைக்கு அன்று தலைவரும் இல்லை, அதைப் பற்றித் தெரிந்த பிரதமரும் இல்லை. ஆனால் அமைப்பு ஆடவில்லை. விக்ரம் சாராபாய் வந்தார், செயலாளர் நாற்காலியும் தலைவர் நாற்காலியும் ஒட்டியே இருந்தன.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல்தான் வந்தது. அது அறிக்கை கொடுப்பது யாரிடம்? அதே ஆணையத்திடம். 2000-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளை அந்த வாரியத்தின் கண்காணிப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கல்பாக்கத்தில் இருக்கும் மறுசுத்திகரிப்பு ஆலை அந்த மையத்துக்குச் சொந்தம்.

2003 ஜனவரி 21 அன்று அந்த ஆலையில் ஒரு வால்வு கசிந்தது. குறைந்த கதிரியக்கக் கழிவு இருக்க வேண்டிய தொட்டிக்குக் கடும் கதிரியக்கக் கழிவு வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அங்கே எச்சரிக்கை மணி எழுப்பும் கருவி இல்லை. வெளியுலகத்துக்கு விஷயம் முழுதாகத் தெரிய அரை வருடம் ஆனது. சுற்று வட்டாரத்தில் ஏதாவது ஆகியிருந்தால் ஜனங்களை வெளியேற்ற வேண்டியவர் யார் தெரியுமா? மாவட்ட ஆட்சியர். அணுமின் நிலைய வேலிக்கு வெளியே அவசரநிலை அவர் பொறுப்பு. வேலிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத்தில் சுதந்திரமான இடமே இல்லை என்று குட்டியது. அதே ஆண்டு நவம்பரில் கூடங்குளம் வழக்கில், கழிவை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் வந்தது. கைவிட்ட கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலார் கொந்தளித்தது. சில நாளில் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசுத் தரப்பு பின்வாங்கியது. 2013 மே தீர்ப்பு உலையை இயக்க அனுமதித்து, எரிந்த எரிபொருளுக்கு உலைக்கு வெளியே தனிக் கிடங்கு கட்டச் சொன்னது. 2018-ல் 2022 ஏப்ரல் வரை அவகாசம் நீண்டது. கிடங்குக்காக 2019 ஜூலையில் ராதாபுரத்தில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது.

2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டும் அந்தப் பட்டியலில் வரும். டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றி 1962 சட்டத்தை நீக்கியது. தனியாருக்குக் கதவு திறந்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்கு 42 வருடம் கழித்துச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. தகவலைத் தடுத்து வைக்கும் அதிகாரம் மட்டும், 1948-ல் இருந்ததுபோல, மத்திய அரசிடமே இருக்கிறது.