பெட்ரோலுக்கு அளவு கண்டவர் வில்ஹெல்ம் மைபாக்

பழைய அம்பாசடர், பியட் கார்களைப் பழுது பார்த்த மெக்கானிக்குகள் முதலில் கவனித்தவை இரண்டு. கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு டிஸ்டிரிபியூட்டரைச் சற்றே அசைத்து டைமிங்கைச் சரி செய்வார்கள். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து, தீப்பொறியும் சரியான நேரத்தில் விழுந்தால் எஞ்சின் திணறாது. இந்த இரண்டு வேலைகளிலும் ஆயுளைச் செலவிட்டவர் ஜெர்மன் என்ஜினீயர் வில்ஹெல்ம் மைபாக்.

1846-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி ஹைல்புரோன் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ராய்ட்லிங்கன் ஊரில் குஸ்தாவ் வெர்னர் என்ற பாதிரியார் நடத்திய ஆதரவற்றோர் இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே இயந்திரப் பட்டறையும் இருந்தது. பையன் எஞ்சின் படம் வரையக் கற்றான். அந்தப் பட்டறைக்கு மேலாளராக வந்த காட்லீப் டைம்லர், பன்னிரண்டு வயது மூத்தவர். பையனின் கைத்திறனைக் கண்டு தம்மோடு சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு டைம்லர் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் பின்னாலேயே மைபாக்கும் போனார்.

1882-ல் டைம்லர், டாய்ட்ஸ் எஞ்சின் ஆலையில் மனக்கசப்பு ஏற்பட்டு விலகினார். மைபாக்கும் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு உடன் சென்றார். கான்ஸ்டாட்டில் டைம்லர் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகைதான் பட்டறை. இரவும் பகலும் உள்ளே தட்டும் சத்தம் கேட்கவே, கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரர் போலீசில் சொல்லிவிட்டார். போலீசார் புகுந்து பார்த்தபோது இருந்தவை எஞ்சின்கள் மட்டுமே!

அக்காலத்து எஞ்சின்கள் கனத்தவை. நிமிடத்துக்கு இருநூறு சுற்றுக்கூட ஓடாதவை. 1885-ல் இருவரும் செய்த சிறிய எஞ்சின் 600 சுற்று ஓடியது. ஆனால் அதில் டைமிங் வைக்க வழியில்லை. வெளியே எரியும் விளக்கு ஒரு குழாயைப் பழுக்கக் காய்ச்சும். அந்தச் சூட்டில் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் அருகே நெருப்பு என்ற ஆபத்து வேறு.

ஜெட் பிறந்த கதை

1890-ல் டைம்லர் கம்பெனி தொடங்கியது. பணம் போட்டவர்கள் மைபாக்குக்கு இயக்குநர் குழுவில் இடம் தரவில்லை. மறு ஆண்டே அவர் வெளியேறினார். பிறகு டைம்லர் தம் சொந்தச் செலவில், பழைய ஓட்டல் ஒன்றின் கூடத்தில் அவருக்குப் பட்டறை அமைத்துக் கொடுத்தார். 1893-ல் பிறந்த ஜெட் கார்புரேட்டர் அங்கே உருவானதுதான்.

அதுவரை பெட்ரோல் மேல் காற்றைச் செலுத்தி ஆவியை எடுத்து வந்தார்கள். லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போகும். கனமான பகுதி அடியில் தங்கும். வண்டி குலுங்கினாலும் கலவை மாறும். மைபாக்கின் முறையில் சிறு கிண்ணத்துக்குள் ஒரு மிதவை பெட்ரோல் மட்டத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும். அந்த மட்டத்துக்கு ஒட்டி மேலே நுண்ணிய துளையுள்ள ஜெட். பிஸ்டன் காற்றை உறிஞ்சும்போது, பெட்ரோல் தூறலாகச் சிதறிக் காற்றோடு கலந்து போகும். ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவர் சில மாதங்கள் முந்தியே இதே போன்ற ஒன்றுக்கு உரிமை கோரியிருந்தனர். ஆகவே முழுப் பெருமையும் ஒருவருக்கே என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அதைச் சாலையில் ஓடும் வண்டிகளில் நிலைக்கச் செய்ததில் மைபாக்கின் பங்கு பெரிது. இந்தியாவில் 2020-ல் புதிய புகை விதிகள் வரும்வரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் ஓடியது இந்தத் தத்துவத்தில்தான்.

1895-ல் கம்பெனி அவரைத் திரும்ப அழைத்தது. 1900 மார்ச்சில் டைம்லர் காலமானார். அதே ஆண்டு, நீஸ் நகரில் வசித்த வியாபாரி எமில் ஜெலினெக் 36 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். மைபாக் வடித்த அந்த 35 குதிரைசக்தி காரில் இரண்டு கார்புரேட்டர்கள். சுடு குழாய்க்குப் பதில் மாக்னெட்டோ தீப்பொறி. ஸ்டியரிங்கில் இருந்த நெம்புகோலால் எஞ்சினை 300 முதல் 1000 சுற்று வரை ஓட்டலாம். 1901-ல் நீஸ் பந்தயங்களில் அது மற்ற வண்டிகளைத் திணறடித்தது. ஆலைக்கு டைம்லர் பெயர். காருக்கு ஜெலினெக்கின் மகள் மெர்சிடிஸ் பெயர்.

புகழ் வந்தும் ஆலைக்குள் அவர் கை ஓங்கவில்லை. வடிவமைப்புப் பொறுப்பிலிருந்து மெல்ல ஒதுக்கினார்கள். 1907-ல், அறுபத்தொரு வயதில், ராஜினாமா செய்தார். அந்த இடத்துக்கு வந்தவர் டைம்லரின் மகன் பால். மைபாக் சும்மா இருக்கவில்லை. மகன் கார்லுடன் சேர்ந்து, கவுண்ட் செப்பலினின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1921-ல் கார்ல் வெளியிட்ட காரில்தான் மைபாக் என்ற பெயர் முதன்முதலாக ஒரு காருக்கு வந்தது.

1929 டிசம்பர் 29-ந் தேதி, 83-வது வயதில் அவர் காலமானார். டைம்லரை அடக்கம் செய்த அதே கான்ஸ்டாட் இடுகாட்டில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.