சுட மறுத்த சிப்பாய்

மேலதிகாரி ஏவியதைச் செய்வதே கூலிக்காரன் கடமை என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். மறுத்தால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு அணையும். ஆகவே பல தோழர்கள் எதற்கும் தலையாட்டி விடுகிறார்கள். வேறு சிலரோ எதற்கெடுத்தாலும் முறைத்துக்கொண்டு நின்று, முக்கியமான நாளில் துணைக்கு ஆளில்லாமல் தவிக்கிறார்கள். எப்பொழுது மறுப்பது, எப்படி மறுப்பது? இதைக் கற்க விரும்புகிறவர்கள் சந்திர சிங் கார்வாலியின் வாழ்க்கையை அறிய வேண்டும்.

இமயமலைச் சாரலில் உள்ள கார்வால் ஏழைப் பூமி. படிக்கட்டு போன்ற வயல்கள். அரை வயிற்றுக்குத்தான் விளையும். மிச்ச வயிற்றுக்குப் பட்டாளம். 1891-ல் அங்கே ஒரு விவசாயி வீட்டில் பிறந்த சந்திர சிங், 1914-ல் லான்ஸ்டவுன் நகரில் கார்வால் ரைபிள் படையில் சேர்ந்தார். வெள்ளையனுக்காகப் பிரான்சிலே போரிட்டார், மெசபடோமியாவிலே போரிட்டார். யுத்தம் முடிந்ததும் கிடைத்த பரிசு என்ன? படைகளைக் குறைத்தபோது அவருடைய பதவியையும் இறக்கினார்கள். வயிறு எரிந்திருக்கும். ஆனால் அதற்காக அவர் கலகம் செய்யவில்லை. சொந்த மனத்தாங்கலை மனத்துக்குள் அடக்கிக்கொண்டு, மீண்டும் உழைத்து ஹவில்தாராக உயர்ந்தார். பதினாறு வருஷம் இட்ட வேலையைக் குறைவறச் செய்த சிப்பாய் அவர். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

1930-ம் வருஷம் வந்தது. உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவிற்று. வடமேற்கு எல்லையில் கான் அப்துல் கபார் கானின் செஞ்சட்டைத் தொண்டர்கள் திரண்டார்கள். பெஷாவர் நகரத்து மக்கள் முஸ்லிம்கள். கார்வால் சிப்பாய்கள் ஹிந்துக்கள். ஒருவனைக் கொண்டு மற்றவனைச் சுடலாம் என்று ஏகாதிபத்தியம் கணக்குப் போட்டது. அங்கே முஸ்லிம்கள் ஹிந்துக்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள், அவர்களைக் காக்கவே உங்களை அனுப்புகிறோம் என்று அதிகாரிகள் சிப்பாய்களிடம் ஓதினார்கள். சந்திர சிங் ஏமாறவில்லை. பாரக்கிலே கூட்டாளிகளோடு பேசினார். இது மதச் சண்டையல்ல, நாட்டின் விடுதலைப் போர் என்று விளக்கினார். உத்தரவு வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்தார்கள்.

ஏப்ரல் 23-ம் தேதி தலைவர்களைக் கைது செய்ததும், கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஜனங்கள் கடலெனக் கூடினார்கள். கவச மோட்டார்கள் கூட்டத்துக்குள் புகுந்தன. நிராயுதபாணிகளான பட்டாணியர் கலைந்து ஓடவில்லை. சுடும்படி உத்தரவு பிறந்தது. சுட வேண்டாம் என்று அதிகாரியின் பக்கத்திலேயே நின்று சந்திர சிங் குரல் கொடுத்தார் என்று அவர் வரலாற்றில் காண்கிறோம். கார்வாலிகளின் துப்பாக்கிகள் தாழ்ந்தன. அன்று பெஷாவர் வீதியில் ரத்தம் ஓடத்தான் ஓடியது. ஆனால் அது வெள்ளைப் பட்டாளத்தின் கைவேலை. மறுநாள் மீண்டும் நகருக்குள் போகச் சொன்னபோதும் கார்வாலிகள் மறுத்துவிட்டார்கள். பெஷாவர் சுமார் பத்து நாள் ஆட்சியாளரின் பிடியிலிருந்து நழுவி நின்றது.

அவர்கள் மறுத்த விதத்தைக் கவனியுங்கள் தோழர்களே! அதிகாரியை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பவில்லை. இரவோடு இரவாக மலைக்கு ஓடவில்லை. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுக் கைதானார்கள். அபோதாபாத்தில் ராணுவ நீதிமன்றம் கூடிற்று. பாரிஸ்டர் முகுந்திலால் வாதாடினார். பதினேழு பேருக்குத் தண்டனை: ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்குப் பதினைந்து வருஷம், மற்றவர்களுக்கு மூன்று முதல் பத்து வருஷம் வரை. ஆயுள் தண்டனை பெற்றவர் சந்திர சிங். அவருடைய சொத்தும் பறிபோயிற்று.

1931-ல் காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டது. சத்தியாக்கிரகக் கைதிகள் விடுதலையானார்கள். உத்தரவை மீறிய சிப்பாய்களுக்கும் போலீஸாருக்கும் விடுதலை இல்லை என்று அந்த ஒப்பந்தமே கூறிற்று. உறுதிமொழி எடுத்த சிப்பாய் உத்தரவை மீறுவது தவறு, நாளை நம் ஆட்சியிலும் இதே சிப்பாய்கள் மீறுவார்களே என்பது காந்தியார் சொன்ன காரணம்.

இந்த வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கட்டுப்பாடு இல்லாமல் படை இல்லை. சங்கமும் இல்லை, கட்சியும் இல்லை. ஆனால் சந்திர சிங் எடுத்த உறுதிமொழி எதிரியோடு போரிடுவதற்கு. வெறுங்கையோடு நிற்கும் ஜனங்களைக் கொல்வது போராகுமா? பதினாறு வருஷம் கீழ்ப்படிந்தவன் இந்த உத்தரவுக்கு மட்டும் மறுக்கிறான் என்றால், கட்டுப்பாடு அவனிடம் இல்லை என்பதல்ல. குற்றம் உத்தரவில் இருக்கிறது என்பதே பொருள்.

பதினோரு வருஷத்துக்கு மேல் சிறையில் கழித்து 1941-ல் வெளியே வந்தார். சொந்த மலைக்குத் திரும்பவும் தடை. அவர் காந்தியார் மீது வன்மம் பாராட்டவில்லை. வார்தா ஆசிரமத்திலேயே போய்த் தங்கினார். 1942-ல் மீண்டும் சிறை. பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, மலைநாட்டு ஏழைகளுக்காகப் பாடுபட்டார். அறிஞர் ராகுல சாங்கிருத்தியாயன் அவருடைய வரலாற்றை நூலாக எழுதினார். 1979-ல் அவர் மறைந்தார். 1994-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நமது ஆலையில் துப்பாக்கி இல்லை. ஆனால் உத்தரவுகள் உண்டு. கூடுதலாக ஒரு வண்டி மூட்டை ஏற்றச் சொன்னால், அதைப் பற்றிச் சங்கத்தின் மூலம் பேசிக்கொள்ளலாம். பக்கத்துத் தொழிலாளி மீது பொய்ச் சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறார்களா? உயிரைப் பறிக்கும் இயந்திரத்தை ஓட்டி, அது நன்றாக இருக்கிறதென்று எழுதித் தரச் சொல்கிறார்களா? சகோதரன் மறியலில் நிற்கும்போது அவன் இடத்தில் வேலை செய்யச் சொல்கிறார்களா? அங்கேதான் மறுக்க வேண்டும். ஏச்சும் கைகலப்பும் வேண்டாம். நேராக, அமைதியாக, நாலு பேர் அறிய மறுக்க வேண்டும். அதற்கு முன்பே கூட்டாளிகளோடு கலந்து பேசியிருக்க வேண்டும். வரும் கஷ்டத்தைத் தாங்கவும் துணிய வேண்டும். மறுத்தவனுடைய வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது மற்றவர்களின் கடமை.

கூலிக்கு விற்றது உழைப்பை, மனச்சாட்சியை அல்ல. பெஷாவர் வீதியில் தாழ்ந்த துப்பாக்கிகள் நமக்குச் சொல்லும் பாடம் அதுவே.