எங்களைத் தோற்கடித்த ரஹீம்

ஜோகுபாளையத்தான் கால்பந்தைப் பற்றி எழுதினால் அல்சூர் ஏரியைத் தாண்ட மாட்டான் என்று மன்றத்து நண்பர்கள் நகைப்பதுண்டு. இம்முறை ஐதராபாத் வரை போகிறேன். அதுவும் எங்களைத் தோற்கடித்த ஒருவரைத் தேடி!

1954-ஆம் ஆண்டு டூராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அணியை ஐதராபாத் நகரப் போலீஸ் அணி வென்றது. அத்தொழிற்சாலையில் வேலை பார்த்த என் பாட்டனார் கடைசிவரை அதை மறக்கவில்லை. ஆயினும் அப்போலீஸ் அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் பெயரை எடுத்தால் அவர் குரல் தணிந்துவிடும்.

ரஹீம் 1909-இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர். நம்மைப் போலவே கல்லூரி அணியில் ஆடியவர். பின்னர் பள்ளி ஆசிரியரானார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதை அவர் விரும்பவில்லை. வாங்கிய பந்தை உடனே தோழனுக்குத் தள்ள வேண்டும். இரு கால்களாலும் அடிக்கப் பழக வேண்டும். இதுவே அவர் பாடம். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகளும் ரோவர்ஸ் கோப்பை அவருடைய போலீசாருக்கே!

லீக் வென்றவன் பெரியவனா, கோப்பை வென்றவன் பெரியவனா? மாதக்கணக்கில் தளராமல் ஆடினால்தான் லீக் கிட்டும். கோப்பைக்கோ ஒருநாள் சறுக்கினாலும் போயிற்று. 1952-இல் கல்கத்தா லீக்கை வென்ற ஈஸ்ட் பெங்காலும் ரோவர்ஸ் வீரர்களான ஐதராபாத் போலீசாரும் டூராண்ட் இறுதியில் எதிரெதிரே நின்றனர். வென்றது ஈஸ்ட் பெங்கால். அக்கழகத்தின் புகழ்மிக்க ஆட்டக்காரர் எங்கள் பெங்களூர் அகமது கான். 1951-இல் டில்லி ஆசிய விளையாட்டில் ரஹீமின் பயிற்சியில் தங்கம் வென்ற அணியில் அவரும் ஒருவர். மாணவனின் கழகம் ஆசானின் அணியை வீழ்த்தியது! எங்கள் பேட்டைக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன?

அதே 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று இந்தியா நொறுங்கியது. நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். வேறொருவராயின் பயிற்சித் தொழிலையே விட்டிருப்பார். ரஹீம் நான்கே ஆண்டுகளில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

பாட்டனார் குரல் தணிந்ததன் காரணம் ஜகார்த்தா. 1962-இல் அங்கே சென்றபோது ரஹீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே கொரியாவிடம் தோல்வி. பின்காவலர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். அவரையே முன்னணியில் நிறுத்தினார் ரஹீம்! செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டம். எதிரி அதே கொரியா. மைதானம் முழுதும் நமக்கு எதிரான கூச்சல். முதல் கோல் பி. கே. பானர்ஜியுடையது, அடுத்தது, தையல் போட்ட தலையுடன் நின்ற ஜர்னைலுடையது. கடைசி நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியும், கோல்காவலர் பீட்டர் தங்கராஜ் மேலும் விடவில்லை. 2–1. அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.

ஒன்பது மாதங்கள் சென்றன. 1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார். 1954-ஐப் பற்றி வாய் ஓயாமல் பேசும் பாட்டனார், இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.