கடிதம் சுமந்த வானவீரர்



ஊர்க் கடுதாசி வந்தால் லயமே கூடி நின்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. கப்பல் தபாலுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள் நம் முன்னோர். அந்தக் கடிதங்களை ஆகாயத்தில் பறக்க வைக்கப் பாடுபட்டவர்களில் ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்தான் சர் சார்ல்ஸ் கிங்ஸ்போர்ட் ஸ்மித்.

1897-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தபோது குண்டடி பட்டு, இடது பாதத்தில் ஒரு பகுதியை இழந்தார். வேறொருவர் என்றால் போதுமடா சாமி என்று வீட்டோடு இருந்திருப்பார். இவர் விடவில்லை. 1928-இல் மூன்று துணைவர்களோடு, ‘சதர்ன் கிராஸ்’ என்ற மூன்று இஞ்சின் விமானத்தில் அமெரிக்காவிலிருந்து பிரிஸ்பேன் வரை பறந்து, பசிபிக் மாகடலையே தாண்டினார். அதற்கு முன் யாரும் செய்யாத காரியம் அது!

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1931 நவம்பரில் அவருடைய கம்பெனி விமானம் ஒன்று கிறிஸ்மஸ் தபாலை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. வழியில் நமது கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில், மேலே கிளம்பும்போது விபத்துக்குள்ளாகி நொறுங்கிப் போச்சு. ஸ்மித் என்ன செய்தார் தெரியுமா? தலையில் கை வைத்து உட்காரவில்லை. வேறொரு விமானத்தில் தாமே அலோர் ஸ்டாருக்குப் பறந்து வந்தார். தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், டிசம்பர் 16-இல் லண்டனில் சேர்த்தார். பண்டிகைக்கு முன் கடிதங்கள் வந்து சேர்ந்தன!

எல்லா நாளும் வெற்றி கிட்டிவிடுமா? 1935 மே மாதம் நியூசிலாந்துக்குத் தபால் கொண்டு போகையில், நடுக்கடலின் மேல் ஒரு இஞ்சின் நின்றுவிட்டது. இன்னொன்றில் எண்ணெய் குறைந்தது. உடன் இருந்த டெய்லர், பறக்கும் விமானத்துக்கு வெளியே தொற்றி நின்று, நின்றுபோன இஞ்சினின் எண்ணெயைப் பலமுறை எடுத்து வந்தார். பாரம் குறைக்கத் தபால் மூட்டைகளையும் கடலில் தள்ள வேண்டியதாயிற்று. கடிதத்தைத் தேடிப் பறந்து வந்தவருக்கே இந்த நிலை! ஆனாலும் உயிர் பிழைத்துத் திரும்பினார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 1934 டிசம்பரில் ஒழுங்கான ஆகாயத் தபால் தொடங்கியபோது, அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு கம்பெனிக்குப் போயிற்று. 1935 நவம்பர் 8-இல், இந்தியாவின் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூரை நோக்கிப் பறந்தவர், துணை விமானியோடு பர்மாக் கடலோரம் மறைந்தார். அப்போது வயது 38. 1937-இல் விமானத்தின் சக்கரக்கால் ஒன்று மட்டும் கிடைத்தது. பாதை போட்டவர் ஒருவர், பலன் கண்டவர்கள் பலர்!

மாணவர்களே! இப்படி முதல் பயணங்களில் பறந்த உறைகளை உலகமெங்கும் சேகரிக்கிறார்கள். வீட்டுப் பெட்டியில் பழைய உறை இருந்தால் ஸ்டாம்பை மட்டும் கிழித்து எடுத்துவிடாதீர்கள். உறை முழுசாக இருந்தால்தான், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், நாள் எல்லாம் அதன் முத்திரைகளில் தெரியும். எடுத்த காரியத்தை வழியில் விட்டுவிடாத மனிதர்களின் கதையும் அதில்தான் இருக்கிறது. அந்தக் குணம் உங்களிடமும் வளரட்டும்!