லண்டன் வீதிகளில் சைவ உணவு தேடி

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட 'கிளைட்' என்னும் கப்பலில் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்ற இளைஞர் பயணம் செய்தார். அவருக்குப் பத்தொன்பது வயது நிறைவடைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பாரிஸ்டராகித் திரும்புவது அவரது நோக்கம். கடல் கடந்து செல்லத் துணிந்ததால் சாதிப் பெரியவர்கள் அவரை விலக்கி வைத்திருந்தனர். இளம் மனைவியையும் பிறந்து சில மாதங்களே ஆன மகனையும் ஊரில் விட்டு வந்திருந்தார். அவருடைய பெட்டியில் வீட்டிலிருந்து எடுத்து வந்த இனிப்புகளும் பழங்களும் இருந்தன. நெஞ்சில் அன்னை புத்லிபாய்க்குக் கொடுத்த வாக்கு இருந்தது.

மேல்நாடு செல்லும் இளைஞர்கள் புலாலும் மதுவும் இல்லாமல் வாழ முடியாது என்று யாரோ அந்த அன்னையிடம் கூறியிருந்தனர். குடும்பத்துக்கு ஆலோசகராக இருந்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று அவர் முன்னிலையில் மோகன்தாஸ் விரதம் ஏற்றார். அதன் பிறகே அன்னை விடை கொடுத்தார்.

ஆனால் அந்த நாளில் புலால் உண்பது தவறு என்று மோகன்தாஸ் உண்மையாக நம்பியிருக்கவில்லை. ஆங்கிலேயர் வலிமை பெற்றது புலால் உணவால்தான், இந்தியரும் அதை உண்டால் நாடு விடுதலை பெறும் என்று பள்ளிப் பருவத்து நண்பர் ஒருவர் அவரை நம்ப வைத்திருந்தார். ராஜ்கோட்டில் ஆற்றங்கரையில் மறைவாக ஆட்டிறைச்சியைச் சுவைத்துப் பார்த்த இரவில், தம் வயிற்றுக்குள் ஆடு ஒன்று உயிரோடு கத்துவதுபோல் கனவு கண்டு அவர் துடித்து எழுந்தார். பின்னர் பெற்றோரிடம் பொய் சொல்ல மனம் ஒப்பாமல் அப்பழக்கத்தைக் கைவிட்டார். ஆனால் கொள்கை அளவில் அவர் மாறவில்லை. பெற்றோர் காலத்துக்குப் பிறகு வெளிப்படையாகவே உண்ணலாம், எல்லா இந்தியரும் உண்ண வேண்டும் என்றே எண்ணியிருந்தார். ஆகவே அவருடைய அறிவு ஒரு பக்கமும் அவர் கொடுத்த வாக்கு மறுபக்கமும் நின்றன.

கப்பலிலேயே சோதனை தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் பேசக் கூச்சம். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தெந்தப் பதார்த்தத்தில் இறைச்சி கலக்கவில்லை என்று பரிமாறுபவரைக் கேட்கும் துணிவும் இல்லை. உணவு மேசைக்கே போகாமல், தம் அறையில் அமர்ந்து கொண்டு வந்த இனிப்பையும் பழத்தையும் தின்று நாட்களைக் கழித்தார். பிஸ்கே விரிகுடாவைத் தொட்டதும் இந்த உறுதி கரைந்துவிடும் என்று அன்பு கொண்ட ஆங்கிலேயப் பயணி ஒருவர் எச்சரித்தார். விரிகுடாவும் கடந்தது, உறுதி கரையவில்லை. புலால் உண்ணவில்லை என்பதற்கு அந்தப் பயணியிடமே ஒரு சான்றிதழும் எழுதி வாங்கிக்கொண்டார் மோகன்தாஸ். சில காலம் அதைப் பொக்கிஷம்போல் பாதுகாத்தார். புலால் உண்பவர்கூட அத்தகைய சான்றிதழைப் பெற முடியும் என்று அறிந்தபோதுதான் அதன்மீதிருந்த மதிப்புப் போயிற்று.

லண்டனில் முதலில் தங்கியது விக்டோரியா ஓட்டலில். அங்கே எந்த உணவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்று பிடிக்காமல் மற்றொன்றைக் கேட்டால் இரண்டுக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஏறக்குறையப் பட்டினி கிடந்ததற்கு மூன்று பவுன் கட்டணம் வந்தது கண்டு அவர் திகைத்துப் போனார். அப்போதும் பம்பாயிலிருந்து வந்த தின்பண்டங்களே அவரைக் காப்பாற்றின.

பிறகு ரிச்மண்டில் இந்திய நண்பர் ஒருவருடன் சில வாரங்கள் தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைக்கும். அது ஓரளவு வயிற்றை நிரப்பும். பகலிலும் இரவிலும் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேக வைத்த கீரை, ரொட்டி, ஜாம் ஆகியவைதாம். மோகன்தாஸ் நன்றாகச் சாப்பிடக் கூடியவர். ஆனால் ரொட்டியில் இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்பது நாகரிகமல்ல என்று வெட்கப்பட்டார். இரவுகளில் வீட்டு நினைவும் அன்னையின் முகமும் வந்து அவரை அழ வைத்தன. நண்பரோ நல்லெண்ணத்துடன் நாள்தோறும் வாதாடினார். எழுத்தறிவில்லாத ஒரு தாயிடம், இந்நாட்டுச் சூழ்நிலை தெரியாமல் கொடுத்த வாக்கு சட்டப்படியும் செல்லாது என்பது அவர் கட்சி. பெந்தாமின் நூலைக்கூட எடுத்துப் படித்துக் காட்டினார். மோகன்தாஸிடம் எதிர்வாதம் ஏதும் இல்லை. புலால் அவசியம் என்று ஒப்புக்கொண்டே, விரதத்தை மட்டும் முறிக்க இயலாது என்று திரும்பத் திரும்பக் கூறினார்.

அடுத்து அவர் குடியேறியது மேற்கு கென்சிங்டனில், முன்பு இந்தியாவில் வாழ்ந்த ஒரு விதவையின் இல்லத்தில். அவருடைய இரு பெண்களும் பரிவுடன் கூடுதலாக ஓரிரு ரொட்டித் துண்டுகளை வற்புறுத்தி வைப்பார்கள். முழு ரொட்டியே இருந்தால்தான் அந்த வயிறு நிரம்பும் என்பதை அவர்கள் அறியவில்லை! நகரத்தில் சைவ உணவகங்கள் சில உண்டு என்று அந்த இல்லத்தரசி கூறினார். அதைக் கேட்டதும் மோகன்தாஸ் தேடப் புறப்பட்டார். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். வழியில் மலிவான கடை ஒன்றில் நுழைந்து ரொட்டியால் வயிற்றை நிரப்பிக்கொள்வார். திருப்தி மட்டும் உண்டாவதில்லை.

இவ்வாறு அலைந்த ஒரு நாள் ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் அவர் கண்ணில் பட்டது. ஆசைப்பட்ட பொருள் கைக்குக் கிடைத்த குழந்தையைப் போல் மகிழ்ந்தார். உள்ளே நுழையுமுன், கதவருகே கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களைப் பார்த்தார். அவற்றுள் ஒன்று, சைவ உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் எழுதிய நூல். ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு நேரே உணவுக் கூடத்துக்குச் சென்றார். இங்கிலாந்து மண்ணில் கால் வைத்த பிறகு வயிறார உண்ட முதல் உணவு அதுவே.

அந்த நூலை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அதுவரை சத்தியத்துக்காகவும் விரதத்துக்காகவும் விலக்கிய புலாலை, இனித் தாமே ஆராய்ந்து தேர்ந்த முடிவாக விலக்கினார். எல்லா இந்தியரும் புலால் உண்ண வேண்டும் என்ற பழைய எண்ணம் மறைந்து, சைவ உணவைப் பரப்புவது தம் பணி என்ற எண்ணம் பிறந்தது. ஈட்டன் பள்ளியில் ஆசிரியராக இருந்து விலகிய சால்ட் தம் நூல் யார் கையில் சேர்ந்தது என்று அன்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1931-ஆம் ஆண்டு நவம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்திஜி அங்குள்ள சைவ உணவுச் சங்கத்தில் உரையாற்றியபோது, எண்பது வயதான சால்ட் அவருக்கு அருகில் அமர்ந்திருந்தார்.

மோகன்தாஸ் கிறுக்கராகி விடுவாரோ என்று ரிச்மண்ட் நண்பர் அஞ்சினார். ஒரு நாள் அவரை நாடகத்துக்கு அழைத்து, அதற்கு முன் ஹோல்பர்ன் உணவகத்தில் விருந்தளித்தார். அரண்மனை போன்ற இடம். அத்தகைய சபையில் கூச்சத்தால் மோகன்தாஸ் கேள்வி எதுவும் கேட்க மாட்டார் என்பது நண்பரின் கணக்கு. முதலில் சூப் வந்தது. அது எதனால் ஆனது என்று நண்பரைக் கேட்கத் துணியாமல், பரிமாறுபவரை மோகன்தாஸ் அழைத்தார். அதைக் கவனித்த நண்பருக்குக் கோபம் மூண்டது. நாகரிக சபைக்குத் தகுதியற்றவர் என்று கடிந்து, வேறெங்காவது உண்டுவிட்டு வெளியே காத்திருக்குமாறு கூறினார். மோகன்தாஸ் மகிழ்ச்சியோடு எழுந்து வெளியேறினார். அருகிலிருந்த சைவ உணவகமோ அன்று மூடியிருந்தது. இரவு உணவில்லாமலே நாடகம் பார்த்தார். நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை; நட்பும் குறையவில்லை. நண்பரின் மனம் ஆறுவதற்காக நாகரிகம் பழகத் தலைப்பட்டு, உயர்ந்த உடை, நடனம், வயலின் என்று சுமார் மூன்று மாதம் பணத்தைச் செலவழித்தது தனிக் கதை.

சட்டம் பயின்ற இன்னர் டெம்பிளிலும் உணவே முன்னால் வந்து நின்றது. பாரிஸ்டராக வேண்டுமானால் குறித்த எண்ணிக்கையில் அங்கே விருந்துகளுக்குச் செல்வது கட்டாயம். உண்ணாவிட்டாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் அவர் பெரும்பாலும் ஒன்றும் உண்ணாமலே எழுந்து வந்தார். நால்வர் கொண்ட குழுவுக்கு இரண்டு புட்டி மது தரப்படும். மோகன்தாஸ் மதுவைத் தொடாதவர் ஆதலால், அவர் இருந்தால் மீதி மூவருக்கும் பங்கு கூடும். எனவே அவரைத் தம்மோடு அமர்த்திக்கொள்ள மாணவரிடையே போட்டி! மூத்தோருக்கு அளிக்கப்படும் உணவு மாணவர் உணவைவிட மேலானது. சைவ உணவு உண்ட பார்சி மாணவர் ஒருவருடன் சேர்ந்து, அந்த மேசையின் காய்கறிகளைத் தங்களுக்கும் தருமாறு மோகன்தாஸ் விண்ணப்பித்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பழங்களும் காய்கறிகளும் கிடைத்தன. கப்பலில் வாய் திறக்கக் கூசியவர், இப்போது கேட்டுப் பெறக் கற்றுக்கொண்டிருந்தார்.

செலவைக் குறைக்க ஒற்றை அறைக்கு மாறி, அடுப்பு வாங்கித் தாமே கஞ்சியும் கோகோவும் தயாரித்தார். ஒரு நாள் உணவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் முடிந்தது. ஊரிலிருந்து வந்த இனிப்புகளையும் மசாலாக்களையும் நிறுத்தினார். ரிச்மண்டில் தொண்டைக்குள் இறங்க மறுத்த அதே வெந்த கீரை இப்போது சுவைத்தது. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்று அவர் கண்டுகொண்டார்.

முட்டையில் மட்டும் ஒருமுறை தடுமாறினார். உயிரைக் கொன்று பெறாத முட்டை புலாலாகாது என்ற வாதத்துக்கு இசைந்து சிறிது காலம் உண்டார். பின் சிந்தித்தார். விரதத்தைக் கொடுத்தபோது புலால் என்ற சொல்லுக்கு அன்னை கொண்ட பொருள் எது? அவருடைய எண்ணத்தில் முட்டையும் அதனுள் அடங்கும். வாக்கைப் பெற்றவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ அதுவே பொருள் என்று தீர்மானித்து முட்டையை விட்டார். இதனால் சைவ உணவகத்திலேகூட எந்தப் பணியாரத்தில் முட்டை கலந்துள்ளது என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. விரும்பி உண்ட பல தின்பண்டங்களை இழந்தார்.

லண்டனுக்கு வெளியே செல்லும்போதும் இதே கவலைதான். பாரிஸில் நடந்த பெரும் பொருட்காட்சியைக் காண விரும்பியபோது, அங்கு ஒரு சைவ உணவகம் இருப்பதை முன்னதாகவே கேட்டறிந்து, அங்கேயே அறை எடுத்து ஏழு நாட்கள் தங்கினார். பிரைட்டனில் ஓர் ஓட்டலில் உணவுப் பட்டியல் முழுவதும் பிரெஞ்சு மொழியில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துத் திணறிக்கொண்டிருந்த இளைஞரைக் கண்ட முதிய பெண்மணி ஒருவர், பட்டியலை விளக்கி, எவற்றை உண்ணலாம் என்று சுட்டிக் காட்டினார். அந்த அறிமுகம் நீண்ட நாள் நட்பாக வளர்ந்தது.

உணவைத் தேடி வந்த இடத்தில் நண்பர்களும் கிடைத்தனர். பேஸ்வாட்டரில் அவர் தொடங்கிய சைவ உணவுக் கழகத்துக்கு டாக்டர் ஜோசையா ஓல்ட்ஃபீல்ட் தலைவர், பகவத் கீதையை ஆங்கிலக் கவிதையாக்கிய எட்வின் ஆர்னால்ட் துணைத் தலைவர், மோகன்தாஸ் செயலாளர். கழகம் சில மாதங்களே நடந்தது. லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் அவர் இடம்பெற்றார். ஆயினும் கூட்டங்களில் எழுந்து பேச வராது. எழுதி வந்ததை வேறொருவர் படிக்க வேண்டியிருந்தது.

1891-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டரானார். 12-ஆம் நாள் கப்பலேற ஏற்பாடாயிற்று. புறப்படுமுன் சைவ நண்பர்களுக்கு ஒரு விருந்தளிக்க விரும்பினார். அதற்கு அவர் தேர்ந்த இடம் ஹோல்பர்ன் உணவகம். சைவ உணவகத்தில் சைவ விருந்து கிடைப்பதில் வியப்பில்லை. புலால் சமைக்கும் இடத்தில் ஏன் கிடைக்கக் கூடாது என்று எண்ணினார். மேலாளரிடம் பேசித் தூய சைவ உணவுக்கு ஏற்பாடு செய்தார். ஒரு காலத்தில் சூப்பைப் பற்றி விசாரித்ததற்காக வெளியேற நேர்ந்த அதே கூடத்தில், அன்று பரிமாறியவை அனைத்தும் சைவம். நண்பர்கள் மிகவும் மகிழ்ந்தனர். விருந்தளித்தவரோ ஆயத்தம் செய்து வந்த உரை முதல் வாக்கியத்துக்கு அப்பால் நினைவுக்கு வராமல், நன்றி மட்டும் கூறி அமர்ந்தார்.

திரும்பும் வழியில் ஏடனிலிருந்து பருவமழைக் காலக் கடல் கொந்தளித்தது. பயணிகளுள் பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழவில்லை. காலை உணவுக்கு வந்த ஓரிருவருள் மோகன்தாஸ் ஒருவர். ஓட்ஸ் கஞ்சி மடியில் சிந்தாதபடி கிண்ணத்தைக் கவனமாக மடிமீது பிடித்துக்கொண்டு உண்டார். அன்னையைக் காணும் ஆவல் அவருக்கு மிகுந்திருந்தது.

பம்பாய்த் துறையில் தமையனார் காத்திருந்தார். புத்லிபாய் மறைந்துவிட்ட செய்தி அயல்நாட்டில் இருந்தவருக்குத் தெரிவிக்கப்படாமல் இருந்தது. கரையிறங்கிய பிறகே அதைச் சொன்னார்கள். மோகன்தாஸ் முறைப்படி நீராடினார்.