திரும்பிப் போகலாம் என்றபோதும் போகாதவன்



தாவீது இராஜாவின் வீரர்கள் யார் யார் என்று கேட்டால், யோவாபு, அபிசாய் என்று இரண்டொரு பேரைச் சொல்வீர்கள். ஞானோபதேசத்தை ஊன்றிப் படித்த பிள்ளைகள் ஊரியாவையும் சேர்த்துக்கொள்வார்கள். இத்தாய் என்பவனை நினைப்பவர் வெகு சிலரே. சாமுவேல் இரண்டாம் ஆகமத்தின் 15-ம், 18-ம் அதிகாரங்களில் மாத்திரம் அவனைக் காண்கிறோம். நம் பெரியவர்கள் பழைய லத்தீன் வரிசைப்படி அதை அரசர் இரண்டாம் ஆகமம் என்பார்கள்.

இத்தாய் இஸ்ராயேலன் அல்லன். பிலிஸ்தியரின் ஐந்து பெரும் பட்டணங்களில் ஒன்றாகிய காத் அவனுடைய ஊர். கோலியாத்தின் ஊரும் அதுவேதான். டெல் எஸ்-சாஃபி என்னும் மேட்டில் 1996 முதல் நடந்த அகழ்வாராய்ச்சியில் அப்பட்டணத்தின் இடிபாடுகள் வெளிப்பட்டன. கோலியாத்தை வீழ்த்தியவனை அவ்வூரார் பகைப்பதுதானே இயல்பு? ஆயினும் சவுலுக்குத் தப்பியோடிய நாளில் தாவீது 600 பேரோடு அடைக்கலம் தேடியது அதே காத் அரசனிடத்தில். பிலிஸ்தியர் நாட்டில் ஓராண்டும் நான்கு மாதமும் தங்கியிருந்தான். பின்னாளில் காத் ஊரார் 600 பேர் தாவீதைத் தேடி எருசலேமுக்கு வந்தார்கள். இத்தாயும் அவ்வூரை விட்டு, நாடிழந்தவனாய் வந்து சேர்ந்தான்.

வந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் பேரிடி விழுந்தது. கி.மு. 10-ம் நூற்றாண்டில், தாவீதின் ஆட்சிக் காலத்தில், அவனுடைய சொந்த மகன் அப்சலோம் எபிரோனில் தன்னை இராஜாவாக்கிக்கொண்டு படை திரட்டினான். இராஜாவின் பேர்பெற்ற ஆலோசகன் அகித்தோபல் அவன் பக்கம் சாய்ந்தான். இராஜாவின் சகோதரி மகனான அமாசாவே கலகப் படைக்குத் தலைவனானான். ஜனங்களின் மனது மகனோடு போய்விட்டது என்று செய்தி வந்தவுடன், தாவீது வீட்டாரோடு கால்நடையாய் நகரத்தை விட்டுப் புறப்பட்டான். ஊரின் கடைசி வீட்டண்டையில் நின்று, தன்னோடு வருகிறவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தாய் அங்கே வந்தபோது இராஜா அவனைத் தடுத்தான். நீ அந்நியன், ஊரை விட்டு வந்தவன், நேற்று வந்த உன்னை இன்று எங்களோடு அலையவைப்பது நியாயமா, உன் சகோதரரைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய்ப் புது இராஜாவோடு தங்கியிரு என்று சொன்னான். கலகம் செய்த மகனை அந்தத் தகப்பன் இராஜா என்றே சொன்னான், பாருங்கள்! வாசிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இது வெறும் உபசாரப் பேச்சு அன்று. இராஜாவே வாயால் கொடுத்த விடுதலை. இத்தாய் திரும்பியிருந்தால் அவனைக் கோழை என்றோ நன்றி கெட்டவன் என்றோ யாரும் சொல்லியிருக்க முடியாது. கடமை என்று நம்மைக் கட்டிப்போடும்போது கூட நிற்பது ஒன்று. கட்டை அவிழ்த்துவிட்டு, போ, உன்மேல் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் நிற்பது வேறொன்று. இரண்டாவதற்குத்தான் பிரமாணிக்கம் என்ற பேர் முழுவதும் பொருந்தும் என்பது என் எண்ணம். படுக்கையில் கிடக்கும் பெரியவர், எனக்காக நீ ஏன் கஷ்டப்படுகிறாய், உன் பிழைப்பைப் பார் என்று சொன்ன வீடுகள் உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு.

இத்தாய் ஆணையிட்டான். தன் ஊரார் கும்பிட்ட தாகோன் பேரால் அல்ல, இஸ்ராயேலின் சர்வேசுரன் பேரால் ஆணையிட்டான். சாவானாலும் வாழ்வானாலும் இராஜா இருக்குமிடத்தில் தானும் இருப்பதாகச் சொன்னான். தாவீது அதற்கு மேல் தடுக்கவில்லை. இத்தாய் தன் ஆட்கள் எல்லாரோடும் கடந்து போனான். கூடவே சிறு பிள்ளைகளும் போனார்கள் என்று வேதாகமம் குறித்திருக்கிறது. குழந்தை குட்டிகளை அந்நிய ஊரில் பத்திரமாக வைத்துவிட்டுத் தான் மட்டும் வீரம் காட்டவில்லை. வீட்டையே கூட்டிக்கொண்டு போனான். தோற்றால் எல்லாரும் அழிய வேண்டியதுதான். அதை அறிந்தே நடந்தான்.

அவர்கள் கடந்தது கெதரோன் ஓடை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் சேசுநாதர் பாடுபடுவதற்கு முந்தின இரவில் தம் சீடரோடு கடந்ததும் அதே ஓடைதான். சாகவும் தயார் என்று சொன்ன சீடர்கள் அன்றிரவே ஓடிப்போனார்கள்.

யோர்தானுக்கு அப்பால் தாவீது தன் படையை மூன்றாகப் பகுத்தான். ஒரு பங்கு யோவாபுக்கு, ஒரு பங்கு அபிசாய்க்கு. இருவரும் இராஜாவின் சகோதரி மக்கள். மூன்றாம் பங்கு இந்த அந்நியனுக்கு! அப்சலோமை நோகாமல் நடத்துங்கள் என்று மூவருக்கும் ஜனங்கள் எல்லாரும் கேட்கக் கட்டளை கொடுத்தான். எப்பிராயீம் காட்டில் சண்டை நடந்தது. மரத்தில் தொங்கிய அப்சலோமை யோவாபு மூன்று ஈட்டிகளால் குத்தினான். இரத்த உறவான தளபதி கட்டளையை மீறினான். இத்தாய்மேல் அந்தக் குற்றம் சொல்லப்படவில்லை.

அதன் பிறகு இத்தாயின் பேர் எங்கும் வருவதில்லை. அதே ஆகமத்தின் 23-ம் அதிகாரத்தில் தாவீதின் வீரர்கள் 37 பேர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இத்தாய் என்று ஒரு பேர் கண்ணில் படும். ஆனால் அவன் பென்யமீன் கோத்திரத்து ரீபாயின் மகன், வேறு ஆள். காத் ஊரானின் பேர் அதில் இல்லை.